பிறர் செய்த வினை

செய்தவனையே வினைப்பயன் சேருமென்பது கர்ம சித்தாந்தமாயின், தன் கீழுள்ளார் செய்ததற்கு ஒருவன் எங்ஙனம் பொறுப்பாவான்? இவ்வினாவை 1958-இல் பம்பாயில் நீதிபதி சாக்ளா நடத்திய பகிரங்க விசாரணை எழுப்பிற்று. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளில் சுமார் 1.24 கோடி ரூபாயை முடக்கிய விவகாரத்தில், அன்று ஆண்ட காங்கிரஸின் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி, தாம் சம்மதிக்கவில்லை என்றார். தம் இலாகாவின் காரியதரிசி செய்த செயலுக்கு அமைச்சரே பொறுப்பாளி என்றார் சாக்ளா. அவ்வாண்டே பதவி துறந்த கிருஷ்ணமாச்சாரி, 1963-இல் மீண்டும் நிதி இலாகாவை ஏற்று, 1965-இன் இறுதியில் வேறு புகார்களிடையே மறுபடியும் விலகினார்.

இப்பொறுப்பு நமக்குப் புதிதன்று: குடிகளைப் பகைவரிடமிருந்தும் கள்வரிடமிருந்தும் காப்பதற்கு முன்னதாக, தன்னிடமிருந்தும் தன் பரிவாரத்திடமிருந்தும் காப்பதையே பெரியபுராணத்தில் சேக்கிழார் அரசனுக்குக் கடமையாக வைத்தார். பதவியென்பது, பிறர் வினையையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ள மனமிசைந்து ஏற்கும் விரதமே அன்றோ!