எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்பக் கேட்கலாமா?

'தங்கள் மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்' என்ற வரியைப் பத்திர எழுத்தர்கள் யாரும் யோசித்து எழுதுவதில்லை. தான செட்டில்மென்ட் பத்திரம் என்றால் அது இருக்கும். பழைய பத்திரத்திலிருந்து புதிய பத்திரத்துக்கு அப்படியே இறங்கும். எழுதிக் கொடுப்பவரும் அதைப் படித்துப் பார்ப்பதில்லை. அந்த அன்புக்குள் 'கடைசிவரை என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறதா இல்லையா என்பதுதான் சில ஆண்டுகளாக நீதிமன்றங்களைச் சுற்றிவரும் கேள்வி.

நாகப்பட்டினத்தைச் சேர்ந்த 87 வயது மூதாட்டி ஒருவரின் வழக்கில், 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் 'அடங்கியிருக்கிறது' என்றது. அவருக்கு ஒரு மகன், மூன்று மகள்கள். சொத்தை மகனுக்கே எழுதி வைத்தார். மகன் இறந்துபோனார். மருமகள் தன்னைக் கவனிக்கவில்லை என்று மூதாட்டி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க, செட்டில்மென்ட் ரத்தானது. பத்திரத்தில் அப்படி நிபந்தனையே இல்லையே என்ற மருமகளின் வாதம் எடுபடவில்லை. வெளிப்படையாக எழுதாவிட்டாலும், அன்பின் பேரில் கொடுத்தது என்பதே உள்ளுறையும் நிபந்தனை என்று இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

பொதுச் சட்டம் இவ்வளவு இளகியதல்ல. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, முறையாகக் கொடுத்து, பெற்றவர் ஏற்றுக்கொண்ட தானத்தைக் கொடுத்தவர் தன் இஷ்டத்துக்குத் திரும்பப் பெற முடியாது. 2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இதில் ஒரு கதவைத் திறந்தது. அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர் அதைச் செய்யத் தவறினால், மோசடியாலோ வற்புறுத்தலாலோ நடந்த மாற்றமாக அதைக் கருதி ரத்து செய்யலாம். சிவில் கோர்ட்டில் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டாம், ஆர்.டி.ஓ. அலுவலகமே தீர்ப்பாயம்.

ஆனால் அந்த நிபந்தனை எங்கே இருக்க வேண்டும்? 2022 டிசம்பரில் ஹரியானா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கறாராக இருந்தது. பெற்றோர் பிள்ளைகளுக்குக் கொடுப்பது பல நேரம் எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல், அன்பின் பேரில்தான். ஆகவே நிபந்தனை இருந்ததென்றால் அதை நிரூபித்தாக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேச வழக்கொன்றில் அதே நீதிமன்றம் தாயின் பக்கம் நின்றது. அங்கே மகன் தனிக் காகிதத்தில் உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தார். தானப் பத்திரத்தில் அது இல்லை என்பது பெரிய குறையாகப் படவில்லை. முதியோரைக் காக்க வந்த சட்டத்தைத் தாராளமாகவே படிக்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். ஆக, ஒரே அன்பு ஓரிடத்தில் நிபந்தனை இல்லாததற்குச் சாட்சி, இன்னோரிடத்தில் அதுவே நிபந்தனை.

உயில் எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை, சாகும்வரை மாற்றலாம். இருந்தும் பெற்றோர் செட்டில்மென்டுக்குப் போகக் காரணம் இருக்கிறது. உயிலைப் பிறகு மற்றப் பிள்ளைகள் எதிர்ப்பார்கள் என்ற பயம் ஒன்று. மகனுக்கு வீட்டை வைத்து வங்கிக் கடன் வாங்க வேண்டியிருக்கும். செலவும் குறைவு: தமிழ்நாட்டில் 2023 ஜூலைக்குப் பிறகும், குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத்தீர்வையின் உச்சவரம்பு 40,000 ரூபாய்தான். இப்படி வாரிசுரிமைக்கும் முதுமைக் காப்பீட்டுக்கும் சேர்த்து ஒரே பத்திரம். முதல் வேலைக்கு வார்த்தை இருக்கிறது, இரண்டாவதற்கு இல்லை.

கொடுத்ததைத் திரும்பக் கேட்பது முறையா என்றால், பெற்றவர் தரப்பிலும் நியாயம் உண்டு. எழுதிக் கொடுத்த வீட்டில் மகன் கடன் வாங்கி மாடி எழுப்பியிருக்கலாம். பத்து வருடம் பார்த்துக்கொண்ட பிறகு ஒரு மனஸ்தாபத்தில், இன்னொரு பிள்ளையின் தூண்டுதலில், மனு வரலாம். என்றைக்கும் ரத்தாகலாம் என்ற பத்திரத்தை நம்பி யார் வாழ்க்கையைத் திட்டமிடுவார்கள்? மறுபக்கம், தாய்க்கு அந்த வீட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. இதே சட்டப்படி கேட்கக்கூடிய ஜீவனாம்சம் மாதம் 10,000 ரூபாயைத் தாண்டாது. சொந்த வீட்டை இழந்தவருக்கு அது வாடகைக்கே போய்விடும். இரண்டு இழப்பையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால், ரத்து செய்யும் அதிகாரம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அது எதை விசாரிக்கிறது என்பது முக்கியம். மகன் பாசமாகப் பேசினானா, பண்டிகைக்கு வந்தானா என்பதை அளக்கும் கருவி எந்த ஆர்.டி.ஓ.விடமும் கிடையாது. சோறு, மருந்து, தங்க இடம் கிடைத்ததா என்பதை விசாரிக்க முடியும்; சட்டத்தின் வாசகமும் அதைத்தான் கேட்கிறது. நன்றிகெட்டதனத்துக்குத் தண்டனையாக இந்தப் பிரிவைப் படிக்கத் தொடங்கினால் ஒவ்வொரு குடும்பச் சண்டையும் ஒரு மனுவாகும்.

மருமகள்களின் நிலை இதில் சங்கடமானது. பத்திரத்தில் பெயர் மகனுடையது. படுக்கையில் கிடக்கும் மாமியாருக்குக் கஞ்சி காய்ச்சுவது பெரும்பாலும் மருமகள். இந்தச் சட்டத்தையே மருமகளை வெளியேற்றும் கருவியாக்கிய வழக்கும் உண்டு. பெங்களூருவில் விவாகரத்து வழக்கில் சிக்கியிருந்த பெண்ணை வீட்டைவிட்டு வெளியேற்ற மாமனார் மாமியார் இதன்படி உத்தரவு வாங்கினார்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவருக்குத் தரும் வசிக்கும் உரிமையை இப்படிக் குறுக்குவழியில் பறிக்க முடியாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. மகள்கள் கதை வேறு: சொத்து அண்ணனுக்கு, கடைசிக் காலத்தில் அம்மா இருப்பது மகள் வீட்டில். அந்த மகளின் உழைப்புக்கு எந்தப் பிரிவும் கணக்குப் பார்ப்பதில்லை.

இன்னொரு விநோதமும் உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறக்கும் மகனின் சொத்தில் மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல்நிலை வாரிசு. தானே கொடுத்த வீட்டில் ஒரு பங்கு தாய்க்குத் திரும்பி வரும், மகன் போன பிறகு. பாகப்பிரிவினை வழக்குப் போட்டு அதை வாங்க 80 வயதுக்கு மேல் எத்தனை பேருக்குத் தெம்பிருக்கும்?

வழி இல்லாமலில்லை. சொத்து பிள்ளைக்கு, ஆயுள்காலம் முழுக்க குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உரிமை தனக்கு என்று எழுதிக்கொள்வது செட்டில்மென்டில் பழக்கமான ஏற்பாடுதான். பராமரிப்பு நிபந்தனையையும் கூடவே சேர்க்கலாம். தடை சட்டத்தில் இல்லை, கூச்சத்தில் இருக்கிறது: 'எங்க மேல நம்பிக்கை இல்லையா?' என்று பிள்ளை கேட்டுவிட்டால் அந்தப் பத்தியை அடிக்கச் சொல்வது தாயாகவே இருக்கும். அதைச் சேர்க்கச் சொல்ல வேண்டியவர் சொத்தை வாங்கிக்கொள்பவர். பார்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவருக்கு அந்தப் பத்தியால் நஷ்டம் ஏதும் இல்லை. பின்னால் அண்ணன் தம்பிகள் கேள்வி கேட்டால் காட்டுவதற்கும் அது உதவும்.