காசிக்குப் போகும் குடை

2020 மே மாதம், கொரோனா காலம். கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றது மத்திய அரசு. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தே ஓய்ந்துபோன கல்யாண காண்ட்ராக்டர்கள் உண்டு. பிறகு கூட்டம் திரும்பிவிட்டது.

மனசு?

பலனை எதிர்பாராதே என்று கீதையைக் காட்டித் தேற்றுவார்கள். ஊரார் வீட்டுத் தாலிக்காக ஓடுகிறவருக்கு இது புதுச் செய்தியா என்ன! அதே சுலோகம், இரண்டாம் அத்தியாயத்தின் 47, சும்மா இருப்பதில் பற்று வைப்பதையும் தடுக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை.

இதே பாடம் கல்யாணத்திலேயே உண்டு: பிராமணக் கல்யாணங்களின் காசி யாத்திரை. குடை, கைத்தடி, விசிறியோடு துறவியாய்க் கிளம்பும் மாப்பிள்ளையைப் பெண்ணின் அப்பா மறித்து அழைத்து வருவார். அந்தக் குடைக்கு ஜிகினா சுற்றுவது பெரும்பாலும் காண்ட்ராக்டரின் ஆள்தான். ஜிகினாவுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் மல்லுக்கட்டும்போது அந்த ஆளுக்குக் கீதை ஞாபகம் இருக்காது.