இறகா, முட்டையா?

புகையான் பூச்சி விழுந்த நெல்வயல் வட்ட வட்டமாகக் கருகும். தூரைப் பிரித்தால் தண்ணீருக்குச் சற்று மேலே பழுப்புப் பூச்சிகள் மொய்த்துக் கிடக்கும். உற்றுப் பார்த்தால் அவற்றில் இரண்டு வடிவங்கள் தெரியும். ஒன்றுக்கு உடலைத் தாண்டி நீளும் இறகு. இன்னொன்றுக்குப் பாதி உடம்போடு நின்றுபோன இறகு. இனம் ஒன்றுதான், ஒரு தாயின் முட்டைகளிலிருந்தே இரண்டும் வரலாம். நீள இறகுள்ளது காற்றேறி வேறு ஊருக்குப் போகும். குட்டை இறகுப் பெண்ணுக்குப் பறக்கும் தசை வளர்வதில்லை. அதற்குச் செலவாகாத சத்து சூலகத்துக்குப் போகிறது. அதனால் அது முந்தி முட்டையிடும், நிறையவும் இடும். வயலைக் கருக்குவது பெரும்பாலும் இதன் சந்ததிதான்.

பறப்பதா பெருகுவதா என்ற இந்த வழக்கைத் தீர்ப்பவை இரண்டு இன்சுலின் ஏற்பி மரபணுக்கள் என்று 2015இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். முதல் ஏற்பி வேலைசெய்தால் நீள இறகு. இரண்டாவது அதை அடக்கிவிட்டால் குட்டை இறகு. நம் ரத்தத்தின் சர்க்கரையைக் கவனித்துக்கொள்ளும் அதே இன்சுலின் குடும்பம்தான், ஒரு நெல்மணியைவிடச் சிறிய உடலுக்குள் இவ்வளவு பெரிய முடிவை எடுக்கிறது. வியக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் அந்த மரபணுக்கள் தாமாக எதையும் முடிவுசெய்வதில்லை. குஞ்சுப் பருவத்திலேயே அவை வயலைக் கேட்கின்றன. நெரிசல் மிகுந்து, பயிர் முற்றி, சாற்றில் சர்க்கரை கூடினால் நீள இறகுகள் பெருகும்: கிளம்பும் நேரம் வந்துவிட்டது. பயிர் இளசாக இருந்தால் தங்கிப் பெருகலாம். யூரியாவை அள்ளிப் போட்ட வயலின் சாறு குடித்த பெண், கூடுதலாக முட்டையிடுகிறது. இன்னும் கலங்க வைக்கும் செய்தி ஒன்று உண்டு. டெல்டாமெத்ரின் போன்ற சில மருந்துகள் பூச்சி சாகாத அளவில் அதன்மேல் பட்டால், முட்டையின் மஞ்சளுக்கு மூலமான வைட்டலோஜெனின் புரதம் பெண்ணின் உடலில் கூடுகிறது, முட்டையும் கூடுகிறது. அதே மருந்தில் சிலந்திகளும், புகையானின் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளும் மடிகின்றன. கொல்ல நினைத்து அடித்தது, தொட்டில் கட்டிக் கொடுக்கிறது.

அந்த மரபணுக்களின் வாயை அடைக்கும் ஆர்என்ஏ உத்திகளை ஆய்வகங்கள் தேடுகின்றன. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் எட்டடிக்கு ஓரடி இடைவெளியாகப் பட்டம் விட்டு நட்டு, தூருக்கு வெயிலும் காற்றும் படச் செய்யும் உழவரும், தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்து இடுபவரும் அதே மரபணுவோடுதான் பேசுகிறார்கள். அது கேட்கும் கேள்விக்கு வேறு பதில் தருகிறார்கள்.

புகையானை அடக்க, 1986இல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது. வயலில் இரைதின்னிகள் மீண்டன. மருந்துச் செலவு சரிந்தது, நெல் விளைச்சல் சரியவில்லை. தடைக்கு முன்பும் பின்பும் புகையானுக்குள் இருந்தவை அதே இரண்டு ஏற்பி மரபணுக்கள்தான்.