காவற்காரனை உறங்க வைக்கலாமா?

2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள், ஞாயிறு காலையில் இத்தீவுகள் குலுங்கியதை நம்மில் எவரும் மறந்திலர். அன்று நிலம் தாழ்ந்தமையால் சிப்பிகாட் வயல்களிற் புகுந்த கடல்நீர் அங்கேயே தங்கிவிட்டது. என்னுட் புகுந்த அச்சமும் அத்தகையதே. பக்கத்து வீட்டுக் கதவு ஓங்கி அறையப்பட்டாலும் எழுந்து வாசலுக்கு ஓடுவேன். அலுவலகத்திற் கோப்பைத் திறந்தால் கண் கூரையின் மீதே நிற்கும். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 2005இல் முகாம்களுக்கு வந்து பலருக்கு ஆறுதலும் சிகிச்சையும் அளித்தனர். எனக்கு என்ன குறை என்று நான் ஒதுங்கியிருந்துவிட்டேன்.

ஈராண்டுகளுக்கு முன்புதான் மருத்துவரை நாடினேன். இரவில் ஒரு மாத்திரை. குழந்தையைப் போல் உறங்கினேன். மறுநாள் முற்பகல் வரை தலை கனத்ததைப் பொருட்படுத்தவில்லை. ஒரு நள்ளிரவில் சிறிய நிலநடுக்கம். குடியிருப்பு முழுவதும் கீழே இறங்கி நின்றது. மகளைத் தோளிற் சுமந்தபடி மனைவி என்னை உலுக்கினாளாம். நான் புரண்டு படுத்தேனாம்! சேதம் ஏதுமில்லை. ஆயினும் நிலநடுக்கத்துக்கு அஞ்சி உண்ட மருந்து நிலநடுக்கத்தையே அறியவொட்டாமற் செய்துவிட்டது அன்றோ?

நண்பர் ஒருவர் மாத்திரைகளைக் கடலில் எறியச் சொன்னார். அச்சம் நமக்குக் காவல் என்பது அவர் கட்சி. எனக்கு அது உடன்பாடன்று. ஒவ்வோர் ஓசைக்கும் ஓடும் காவற்காரன் கள்வன் வரும் வேளையிற் களைத்துக் கிடப்பான். மேலும், இவ்வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் நடுக்கமும், சிலருக்கு வலிப்பும்கூட நேரலாம். 1963இல் டயஸிபாம் விற்பனைக்கு வந்தபின் உலகமே அதனை விரும்பி விழுங்கிற்று; அது பழக்கத்துக்கு அடிமையாக்கும் என்னும் உண்மை பரவலாக உணரப்படப் பல்லாண்டுகள் ஆயின.

நன்மையையும் தீமையையும் நிறுக்கும் தராசு என் கையில் மட்டுமே உள்ளதென்று எண்ணியிருந்தேன். என் உடம்பு, என் உறக்கம் என்பதே என் கணக்கு. அந்த நள்ளிரவில் என் மருந்தின் பக்கவிளைவைச் சுமந்தவள் மனைவி. சரி, அதற்கு முன் என் அச்சத்தைச் சுமந்தவர் யார்? கதவோசை கேட்டால் அழும் வழக்கத்தை என் மகள் யாரிடம் கற்றாள்? மருந்தின் நான்கு கூறுகளுள் நோயாளியோடும் மருத்துவரோடும் அருகிருந்து பேணுவோரையும் வள்ளுவர் சேர்த்தெண்ணியதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

அடுத்த முறை மருத்துவரிடம் மூவருமாகச் சென்றோம். "இவர் தூங்க வேண்டும் டாக்டர், ஆனால் கூப்பிட்டால் எழுந்திருக்கவும் வேண்டும்" என்றாள் மனைவி. மருத்துவர் நகைத்தார், ஆனால் அதையே அளவாகக் கொண்டார். பழைய மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பயன் தரச் சில வாரங்கள் எடுக்கும் வேறொன்றைத் தொடங்கினார். முதலிற் குமட்டல் இருந்தது. இன்றும் சிறிது வாய் உலர்கிறது. இருக்கட்டும்.

இப்போது கதவருகே கைவிளக்கும் ஒரு பையும் இருக்கின்றன. சென்ற மாதம் நள்ளிரவில் கட்டில் ஆடியபோது மகள்தான் முதலில் எழுந்தாள். இரண்டாவதாக எழுந்தவன் நான்.