அந்தக் காகிதம் யாருடையது?



வயது சென்ற தாய் தகப்பனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது நம்மில் பலருக்கு மாதந்தோறும் உள்ள வேலை. விடிந்ததும் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க அழைத்துப்போவதும், டோக்கன் வாங்கி வரிசையில் நிற்பதும், மருந்துச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துவதும், அடுத்த தேதியைக் காலண்டரில் வட்டமிடுவதும் அற்பக் காரியங்களாகத் தோன்றும். அவை அற்பமல்ல. பிதா மாதாவைச் சங்கிக்கவேண்டுமென்ற நாலாம் கற்பனையை வளர்ந்த பிள்ளைகள் அனுசரிக்கும் வழி இதுவே. முதுமையிலும் வியாதியிலும் தனிமையிலும் பெற்றோரைத் தாங்குவது பிள்ளைகளின் கடமையென்று, 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலும் போதிக்கிறது.

ஆனால் இந்த நற்சேவைக்குள்ளேயே ஒரு தந்திரச் சோதனை ஒளிந்திருக்கிறது. பரிசோதனையின் முடிவு இப்போது பெரும்பாலும் மகனுடைய செல்போனுக்கே வருகிறது. கட்டியிலிருந்து எடுத்த சதையில் புற்றுநோய் என்று அதில் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்குத் தெரியும், மகள்களுக்குத் தெரியும், மருமக்களுக்கும் அடுத்த வீட்டாருக்கும் தெரியும். தாயார் கேட்கிறார்: "என்னப்பா எழுதியிருக்கு?" "ஒன்றுமில்லையம்மா, வெறும் வாயுத் தொல்லைதான்" என்கிறோம்.

இது சரியா? அன்பினால் சொன்ன பொய் என்போம். அன்பினால் பிறந்ததென்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் எட்டாம் கற்பனை ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிடுவதில்லை. "கேட்டால் அம்மா தாங்கமாட்டார்கள்" என்கிறோமே, உண்மையில் தாங்கமாட்டாதவர் யார்? அநேக வீடுகளில் நாம்தான். தாயாரோ, பண்டிகையில்லாத நாளில் தூரத்து மகள் வந்திறங்கியதையும், தாம் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுபோவதையும் பார்த்து, பாதியை அறிந்துகொள்கிறார். நமக்காக அவரும் அறியாதவர்போல் நடிக்கிறார். ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு மூலையில் தனித்தனியே அழுகிறோம்.

இதனால் இழப்பது என்ன? காலத்தை இழக்கிறோம். தீர்க்கவேண்டிய கடன், பேச்சு வார்த்தையற்றுப்போன தங்கையோடு சமாதானம், ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம், இவற்றுக்கெல்லாம் காலம் வேண்டுமே! நோயில்பூசுதல் மரணத் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தெளிவாக்கியது. இருந்தும் தாயாருக்குப் பயமுண்டாகும் என்று அஞ்சி, நினைவு தப்பிய பிறகல்லவா குருவானவரை அழைக்க ஓடுகிறோம்?

உயிர்த்த சேசுநாதர் கடலோரத்தில் அர்ச். இராயப்பருக்குச் சொன்னதை நினைவுகூருங்கள். முதிர்வயதில் வேறொருவன் அவருக்கு இடைக்கச்சை கட்டி, அவர் விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்றார். அது அவருடைய மரணத்தைக் குறித்த வார்த்தை என்று அர்ச். அருளப்பர் எழுதுகிறார். நமதாண்டவர் அதை மற்றச் சீஷர்களிடம் இரகசியமாய்ச் சொல்லவில்லை, இராயப்பரிடமே சொன்னார். அதற்கு முன் தம்மை நேசிக்கிறாரா என்று மூன்று தரம் கேட்டார்; சொன்ன பின் தம்மைப் பின்தொடரும்படி அழைத்தார். முன்னே அன்பு, பின்னே துணை, நடுவில் உண்மை. நாமும் அந்த வரிசையிலேயே சொல்லக் கற்றுக்கொள்வோமாக.

நோயாளியின் சம்மதமில்லாமல் வைத்தியருக்குத் தனி உரிமை இல்லையென்று பரிசுத்த பிதா பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இல் வைத்தியர்களுக்கு விளக்கினார். வியாதி இன்னதென்று அறியாதவர் எதற்குச் சம்மதிக்கக்கூடும்?

அப்படியானால் வீட்டுக்குள் நுழைந்ததும் உண்மையைக் கல்லைப்போல் எறிந்துவிடலாமா? ஆகாது. பரிசோதனைக்கு முன்பே கேளுங்கள்: "அம்மா, முடிவு வந்தால் எல்லாவற்றையும் சொல்லட்டுமா, வேண்டியதை மட்டும் சொல்லட்டுமா?" அறியவேண்டாம் என்று அவரே சொன்னால், அதுவும் அவருடைய உரிமை. அப்போது மௌனம் காக்கலாம். பொய் மட்டும் வேண்டாம். காகிதத்தில் ஓர் எண் வழக்கமான அளவைத் தாண்டியிருப்பதனாலேயே அது வியாதியாகிவிடாது. டாக்டர் பார்க்கும்வரை நீங்களும் கலங்காதீர்கள், அவரையும் கலக்காதீர்கள். டாக்டரின் முன் நாற்காலியில் அவரையே உட்காரவையுங்கள். அவரே முதலில் பேசட்டும், விட்டுப்போனதை நீங்கள் சொல்லுங்கள். புத்தி மங்கிய பெற்றோருக்கு எல்லாவற்றையும் விளக்க முடியாதுதான். அப்போதும் பொறுமையும் மரியாதையும் குறையலாகாதென்று சீராக் ஆகமம் கற்பிக்கிறது.

அந்தக் காகிதத்தின் தலைப்பில் யார் பெயர் எழுதியிருக்கிறதென்று இன்றிரவு பாருங்கள். உங்கள் பெயரல்ல. நன்மரணத்தின் பாதுகாவலரான அர்ச். சூசையப்பரை வேண்டிக்கொண்டு, தாயாரின் அருகில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு அவருடையதை அவரிடம் கொடுங்கள்.