ஏரியும் ஆடுகளமும்

பெங்களூர்க் கண்டீரவா விளையாட்டரங்கின் படிகளில் அமர்ந்து ஓட்டப் பந்தயம் கண்டு மகிழும் நாம், அங்கே முன்பு ஓர் ஏரி இருந்ததை எண்ணுவதில்லை. அது சம்பங்கி ஏரி. நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து வந்தோராகக் கருதப்படும் திகளர், அந்நீரைக் கொண்டு காய்கறி பயிரிட்டனர். தொலைவிலிருந்து குழாய்நீர் வந்தபின் நகரத்தார்க்கு ஏரி வேண்டாததாயிற்று, தோட்டக்காரர்க்கு வேண்டியிருந்தது. மெல்ல மெல்ல நீர் போய், நிலம் ஆடுகளமாயிற்று. 1997-இல் தேசிய விளையாட்டுப் போட்டிகளும் அங்கே நிகழ்ந்தன.

விளையாட்டு தீதன்று, நம் பிள்ளைகளும் ஓடியாட வெளி வேண்டுமே! ஆயினும் ஒருவர் உழைத்துண்ட இடம் மற்றவர் பொழுதுபோக்கும் இடமாகும்போது, அம்மகிழ்ச்சியின் விலையைக் கொடுத்தவர் யார் என்று கேட்பது முறையன்றோ? கரகத் திருவிழாவுக்கென ஒரு சிறு குளம் மட்டும் எஞ்சியுள்ளது. சித்திரைதோறும் திகளர் அதனைத் தேடி வருகின்றனர்.