அறுவையும் அகிம்சையும்

தாய்லாந்தின் புக்கெட்டில் 2003இல் தொடங்கிய சோய் டாக் அமைப்பு தெருநாய்களுக்குக் கருத்தடை செய்கிறது. வெளிநாட்டுத் தன்னார்வலர்களும் உதவப் போகிறார்கள். கொல்லாமையை முதல் சீலமாகக் கொண்ட பௌத்த மண்ணில், ஓர் உயிரின் கருப்பையை அறுத்தெடுப்பது இம்சையாகாதா? ஆகாது என்பேன். பௌத்தம் வினையை எடைபோடுவது நோக்கத்தைக் கொண்டு. விகாரை வாசலில் நாய்க்குச் சோறிடுவது புண்ணியம்தான். ஆனால் அந்த நாய் ஈனும் குட்டிகள் பார்வோ வைரஸ் நோய் கண்டு ரத்தக் கழிச்சலில் சாவதை அந்தச் சோறு தடுப்பதில்லை. மயங்கிக் கிடக்கும் நாயின் கண் உலராமல் களிம்பிட்டு, மூச்சைக் கவனித்து, தையல் முடியும்வரை நிற்பவர் தடுக்கிறார். நோக்கம் நல்லதென்றால் எதையும் செய்யலாமா? கூடாது, வலியைக் குறைக்கும் திறமையும் சேர்ந்தால்தான் அது கருணை. வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் விமானச் செலவைப் பணமாக அனுப்பலாமே என்பது இன்னும் கூர்மையான கேள்வி. பயிற்சி இல்லாதவர் பணம் அனுப்புவதே நல்லது. கைதேர்ந்த மருத்துவர் போய், உள்ளூர் உதவியாளருக்கும் தொழிலைக் கற்றுத்தந்தால் அந்தச் செலவு வீணில்லை.